உப்பு கேட்கப் போனவள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. சியோலிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, எதற்கும் ஒத்துப்போகாத எழுத்தாளர்களை அவர்களுடைய பால்யம் எப்படி உருவாக்குகிறது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். நான் அப்போது காய்ந்த மீன் ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். மென்றுகொண்டே "ம்" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

"ஓர் எழுத்தாளரின் முரட்டுக் குணத்துக்கு வேர் தேடிப் போனால், அது எங்கோ ஒரு குழந்தையின் மனதில்—"

அங்கேயே நின்றுவிட்டது. எழுதுகிற எனக்கே கொட்டாவி வந்தால் படிக்கிறவர் என்ன பாவம் செய்தார்? சரி, என் பால்யத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கலாம் என்றால், அங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், யார் எது சொன்னாலும் தலையாட்டினேன். இன்றைக்கும் ஆட்டுகிறேன். இல்லாவிட்டால் இதில் மாட்டியிருப்பேனா?

அதனால் ஒருத்தியைச் செய்தேன். பெயர் இன்சில். நாவலாசிரியை, நாற்பத்தைந்தைத் தாண்டியவள், பூசானில் ஒரு பூட்டுக்கடைக்கு மேல் ஒற்றை அறையில் இருக்கிறாள். பரிசு வாங்க மேடைக்குப் பாரம்பரிய உடையில் வர வேண்டும் என்று சொன்னவர்களிடம் மீன்சந்தை ரப்பர் காலணியோடு போய் நின்றவள். அவள் பேசுகிற பேச்செல்லாம் "இல்ல" என்றுதான் ஆரம்பிக்கும். "மழை வருது" என்றால்கூட "இல்ல, தூறுது" என்பாள். அம்மாவின் ஊர் மட்டும் என் ஊரையே கொடுத்தேன், சம்சொன்போ. வேறு ஊரைக் கொடுத்தால் அங்கே கடை எங்கே இருக்கிறது, குளியல் கூடம் எங்கே இருக்கிறது என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த அலைச்சல் ஆகாது.

ஒத்துப்போகாத ஒருத்தியைக் கதாபாத்திரமாக வைத்தால் அவள் எனக்கு மட்டும் ஒத்துப்போவாளா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

2

கதையின் முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"குளிர்காலம். சம்சொன்போ துறைமுகத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்—" அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் பனி பெய்வதே அபூர்வம். பனி கொட்டாமல் துயரம் வராது என்று நினைப்பது சியோல்காரர்களின் பழக்கம்.

"சின்னஞ்சிறு வயதில் நேர்ந்த அவமானம் ஒரு பெண்ணின் நெஞ்சில்—" இதையும் அடித்தேன். இது மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கிற வாசகம்.

"இன்சிலுக்கு ஆறு வயதில் படுக்கை நனைந்தது."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை. (பின்னால் ஒருமுறை இந்த வரிக்குத் திரும்பி வந்து, நல்லவேளை இப்படி எழுதினோம் என்று மூச்சு விட்டேன். ஏன் என்று நீங்களே பார்ப்பீர்கள்.)

படுக்கையை நனைத்த பிள்ளையின் தலையில் முறத்தைக் கவிழ்த்து,* கையில் ஒரு சுரைக்குடுவையைக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் உப்பு கேட்டு வா என்று காலையிலேயே அனுப்பிவிடுவார்கள். முறத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரிக்கு விஷயம் புரிந்துவிடும். சோற்றுக் கரண்டியால் முறத்தின் மேல் ஒரு தட்டு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கேலி. பிள்ளை வெட்கப்பட்டு அடுத்த தடவை எழுந்து வெளியே போகும் என்று கணக்கு. எங்கள் தலைமுறையில் இதற்குத் தப்பியவர்கள் குறைவு.

* முறம் எதற்கு என்று என் அப்பாவைக் கேட்டேன். "மழை வந்தா?" என்றார். அவருக்கும் தெரியாது.

இன்சில் தன் முதல் நாவலுக்குப் பிறகு இதை ஒரு கட்டுரையாக எழுதினாள். நாடு முழுக்கப் படித்தார்கள். அதிலிருந்து ஒரு துண்டு:

"அம்மா என் தலையில் முறத்தைக் கவிழ்த்தாள். கதவைத் திறந்து குளிரில் தள்ளினாள். ஒவ்வொரு வாசலிலும் நான் தலைகுனிந்து, ஆமாம், நனைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அன்று சபதம் எடுத்தேன். இனி யார் முன்னாலும் இந்தத் தலை குனியாது."

நன்றாகத்தான் இருக்கிறது. சென்ற வசந்தத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதை அவளையே வாசிக்க வைத்தார்கள். பின்னணியில் புல்லாங்குழல். நிகழ்ச்சி நடத்தியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்சொன்போவில் அதை எல்லோரும் பார்த்தார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

3

இன்சிலின் அம்மா போங் நம்சுன். மீனைப் பிளந்து பதப்படுத்திக் காயவைக்கிற வேலையில் கை மரத்துப்போகுமட்டும் இருந்தவள். கணவர் படகுத்தலைவர், இறந்து வெகுகாலம் ஆகிறது. அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சுகம், ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கமேலியா' வெந்நீர்க் கூடத்தில் ஊரோடு சேர்ந்து குளிப்பது. பெண்கள் பக்கத்தில் கண்ணாடிக்கு எதிரே மூன்றாவது இருக்கை அவளுடையது என்று எழுதப்படாத சட்டம். அங்கே எதிர்வீட்டு ஓக்புன் அவள் முதுகைத் தேய்ப்பாள், இவள் ஓக்புன் முதுகைத் தேய்ப்பாள். அழுக்கோடு சேர்ந்து ஊர்க்கதையும் உரிந்து விழும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி.

தொலைக்காட்சிக்கு அடுத்த ஞாயிறு நம்சுன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ, "ஆறு வயசுப் பச்சப்புள்ளைய குளிர்ல தள்ளினியாமே அக்கா" என்றார்கள். ஓக்புன் சிரித்து மழுப்பப் பார்த்தாள். முடியவில்லை. நம்சுன் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளாமல் சோப்புக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து பக்கத்து நகரம் ஜின்ஜுவுக்குப் பேருந்தில் போய்க் குளித்துவிட்டு வருகிறாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. அதனால் முதுகு தேய்க்கவும் ஆள் இல்லை. கைக்கு எட்டிய வரைக்கும் தேய்த்துக்கொள்கிறாள்.

இன்சிலுக்கு வந்த தொலைபேசி அழைப்பு இதுதான்:

"டிவில என்னைப் பத்திப் பேசினியாமே."

"இல்லம்மா. என்னைப் பத்தித்தான் பேசினேன்."

"உன்னைப் பத்திப் பேச என்னை எதுக்குடி இழுக்கிற? வேற அம்மா கிடைக்கலையா உனக்கு?"

"நடந்ததைத்தானே சொன்னேன்."

"அடுத்த வாரம் எனக்கு எழுபது நிறையுது. விருந்து வெச்சிருக்கேன். நீ வர்றதா இருந்தா அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வா. என்கூடக் கூடத்துக்கு வந்து, அத்தனை பேர் முன்னாடியும் உன் வாயால சொல்லு."

"என்னன்னு?"

"நான் அப்படிப்பட்டவ இல்லன்னு."

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா."

அம்மா, "அப்ப வராத. விருந்துக்கும் வராத" என்று வைத்துவிட்டாள்.

4 (இதை 3-க்கு முன்பே எழுதினேன், இடம் மாறிவிட்டது)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த அம்மாவை ஒரு கொடுமைக்காரியாகத்தான் செய்ய நினைத்தேன். பத்திரிகைக்கு அதுதான் வசதி. கொடுமைக்கார அம்மா, அடங்காத மகள், இடையில் ஒரு முறம். கட்டுரை தானாக முடிந்துவிடும்.

அப்படி ஒரு காட்சியும் எழுதினேன். நம்சுன் கண்ணை உருட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எழுதி முடித்துப் படித்தால், அவள் கையில் எப்படியோ ஒரு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்திருக்கிறது, பிள்ளை திரும்பி வந்ததும் கொடுக்க. நான் வைக்கவில்லை, சத்தியமாக. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கிழங்கு மறுபடியும் இருந்தது, இந்தத் தடவை தோலும் உரித்திருந்தது. சரி போ என்று விட்டுவிட்டேன்.

அதே போல இன்சில் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. முடிக்குச் சாயம் போடாதது கலகமா, சோம்பலா? கூட்டப் புகைப்படத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்கும்போது இவள் மட்டும் பக்கவாட்டில் பார்க்கிறாளே, அது கொள்கையா, அங்கே யாராவது சாப்பாடு கொண்டுவருகிறார்களா என்று பார்க்கிறாளா? ஒரு ஆளுடைய பிடிவாதம் முழுவதற்கும் ஆறு வயதில் ஒரு காலைதான் காரணம் என்றால், மீதி நாளெல்லாம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

[இன்சில்: இல்ல, அது சோம்பல்தான். ஆனா அதை நீ எழுதினா நான் மறுப்பேன்.]

பார்த்தீர்களா. இவளோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

5

வராதே என்று சொன்னால் இன்சில் வருவாள். இதைச் சொல்ல மனோதத்துவம் தேவையில்லை. சனிக்கிழமை மதியப் பேருந்தில் வந்து இறங்கினாள்.

அம்மா வீட்டு முன்னறையில் செய்தித்தாளை விரித்து நெத்திலிக் கருவாட்டைக் கொட்டி, தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கறுப்புக் குடலை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வராதன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"அடுப்புல கடற்பாசி சூப் இருக்கு, போட்டுக்க. முடிக்குக் கொஞ்சம் சாயம் போட்டா என்னடி? கூடத்துல யாரு அம்மா, யாரு பொண்ணுன்னு கேக்கப் போறாளுக."

சூப்பைக் குடித்துவிட்டு இன்சில் எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி நெத்திலியை இழுத்துக்கொண்டாள். தலையை மட்டும் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கறுப்பை எடு. கசக்கும்."

"எனக்குக் கசப்புப் பிடிக்கும்."

"உனக்குப் பிடிக்கும்னு விருந்தாளிக்கெல்லாம் கசப்பைப் போட முடியுமா? எடுடி."

கறுப்பை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே, "ஏம்மா அனுப்பின?" என்று கேட்டாள்.

"எங்க?"

"உப்புக்கு."

"ஊர்ல எல்லாரும்தான் அனுப்பினாங்க. ஓக்புன் தன் பையனை அனுப்பாத வாரமே கிடையாது."

"எல்லாரும் அனுப்பினதைக் கேக்கலம்மா. நீ ஏன் அனுப்பின?"

நம்சுன் கையிலிருந்த நெத்திலியை ரொம்ப நேரம் பிளந்துகொண்டிருந்தாள். அதில் பிளக்க இனி ஒன்றும் இல்லை.

"நீ நனைக்கல" என்றாள்.

"என்னது?"

"காது கேக்கலையா? நீ நனைக்கலடி. உங்கப்பா."

அம்மா அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. அடைத்து வைத்த குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது.

"முந்தின நாள்தான் புதுப் படகு கடல்ல இறக்கினாங்க. ஊரே குடிச்சுது. அவரு வந்து உன் மெத்தைல விழுந்தாரு. எழுப்பினா எழுந்திரிக்கல. உன்னைத் தூக்கி என் பக்கத்துல போட்டுக்கிட்டேன். விடிஞ்சு பார்த்தா இந்தக் கூத்து. பூப்போட்ட சின்ன மெத்தை. அலசி மதில்ல போட்டா தெருவே பார்க்குது. புள்ளை மெத்தை காயுது, உப்புக்குப் புள்ளை வரலன்னா என்ன நினைப்பாளுக? யாருன்னு நோண்ட மாட்டாளுகளா?"

"நோண்டட்டுமே."

"அவருக்குக் கீழ புது ஆளுங்கடி. படகுத்தலைவன் படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டான்னு தெரிஞ்சா ஒருத்தன் ஏறுவானா அந்தப் படகுல? இவ்வளவு தண்ணிய ஒண்ணாப் பார்த்தா இவனுக்கு என்ன ஆகுமோன்னு கேப்பானுக. ஆறு வயசுப் புள்ளை நனைச்சா ஒரு நாள் சிரிப்பு. முப்பத்தஞ்சு வயசு ஆம்பளைன்னா சாகிற வரைக்கும்."

இன்சிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், நெத்திலித் தலைகள் மடியிலிருந்து சிதறின. அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார்கள். பிறகு இன்சில் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம்.

"நான் ஒண்ணுமே சொல்லலையா? அப்படியே போயிட்டேனா?"

"நீயா? முறத்தைத் தலையில வைக்கும்போதே 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு கத்தின. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு என்ன சொன்ன தெரியுமா? 'நான் நனைக்கல. ஆனா உப்பு குடுங்க.'" நம்சுன் கருவாட்டுக் கையின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓக்புன் மாமியா கரண்டியால முறத்துல தட்டி, 'நனைக்காதவளுக்கு எதுக்குடி உப்பு'ன்னா. நீ, 'எங்கம்மா வாங்கிட்டு வரச் சொன்னா. அதுக்காக நான் நனைச்சதா ஆயிடுமா'ன்னு கேட்ட. தெருவே விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தேன். உண்மையைச் சொல்ற ஒரே ஆளு நீதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். என் புள்ளை சொல்றதை நம்பாத மாதிரி நடிச்சேன்டி. குளிர்ல அனுப்பினதுக்கு ஊர் ஏசினா ஏசட்டும், அது ஒண்ணுமில்ல. இதுதான் என்னை இத்தனை வருஷமா அரிக்குது."

"எனக்கு நனைச்ச ஞாபகம் இருக்கேம்மா. அந்த ஈரம்கூட ஞாபகம் இருக்கு."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி வந்த ஈரம் அது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. பள்ளிக்கூடம் ரெண்டாவது போறதுக்குள்ள நீயும் ஆமான்னு சொல்ல ஆரம்பிச்சுட்ட."

இன்சில் எழுந்து போய்க் கடல்சுவர் வரை நடந்துவிட்டு வந்தாள். வரும்போது அம்மா அவள் குவியலில் விட்டுப்போன கறுப்பையெல்லாம் எடுத்து முடித்திருந்தாள்.

"நாளைக்கு அங்க இதைச் சொல்லிடாதடி" என்றாள் அம்மா. "அவரு ஆளுங்க எல்லாம் விருந்துக்கு வர்றாங்க. பல்லு இருக்கிறவன், இல்லாதவன் அத்தனை பேரும். செத்தவரால வந்து பதில் சொல்ல முடியுமா?"

"அப்ப என்னத்தைத்தான் சொல்லச் சொல்ற?"

"எழுதறவ நீதான? என்னைக் கேட்டா?"

6

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். சில நாள் எழுதவில்லை.

கோபம் எனக்குத்தான். பத்திரிகைக்கு நான் வைத்திருந்த வாதம் போயே போய்விட்டது. அவமானப்பட்ட குழந்தை வளர்ந்து அடங்காத எழுத்தாளர் ஆகிறது என்று சொல்ல வந்தேன். இங்கே பார்த்தால் அந்தக் குழந்தை அவமானமே படவில்லை. தலையில் முறத்தோடு வாசல் வாசலாக நின்று தெருவோடு சண்டை போட்டிருக்கிறது. அடங்காத குணம் அன்றைக்குப் பிறந்ததாகவும் தெரியவில்லை, அதற்கு முன்பே பல் முளைத்து நடந்துகொண்டிருந்திருக்கிறது. அடங்கியதுதான் பிறகு. ஊர் ஆண்டுதோறும் சிரித்துச் சிரித்து "நீதான்" என்றது, அவளும் ஒரு நாள் "ஆமாம்" என்றுவிட்டாள்.

அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. அவள் எழுதிய பக்கங்களிலெல்லாம் ஊரோடு சேர்ந்து தலையாட்டிய ஒரே இடம் எது? "ஆமாம், நனைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்." தலை குனியாத எழுத்தாளர் என்று பெயர் வாங்கித் தந்த அதே வரி.

[இன்சில்: இதைக் கண்டுபிடிச்சதுல உனக்கு ரொம்பச் சந்தோஷம் போல.]

கொஞ்சம்.

[இன்சில்: நான் அழுதேன். அதை எழுதலையே நீ.]

எங்கே அழுதாய்?

[இன்சில்: கடல்சுவர்ல. நெஞ்சு கொள்ளாம அழுதேன். அந்தப் புள்ளைய நினைச்சு. அவ சொன்னது உண்மைன்னு அன்னைக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். கடைசியில நானே அவளை நம்பாம விட்டுட்டேன். நீ பாட்டுக்கு 'நடந்துவிட்டு வந்தாள்'னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்ட.]

சரி. எழுதிவிட்டேன்.

7

ஞாயிறு காலை, கமேலியா வெந்நீர்க் கூடம். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. இந்தத் தடவை நம்சுன் திரும்பிப் போகவில்லை. மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள், அது வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. நம்சுன் உட்கார்ந்து கண்ணாடிக்கு முகத்தையும் மகளுக்கு முதுகையும் கொடுத்தாள். இன்சில் சுரசுரப்பான தேய்ப்புத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். முதுகு நடுவில் ஒரு திட்டு, ஜின்ஜுவில் யாரும் தொடாத இடம், கறுத்துப்போயிருந்தது.

"அழுத்தித் தேய். பூனையத் தடவற மாதிரி தடவாத."

பக்கத்தில் ஓக்புன் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பேர், தலைக்கு ஊற்றுகிற சாக்கில். எல்லோருடைய தண்ணீர்ச் சத்தமும் மெல்லக் குறைந்தது.

"வாம்மா எழுத்தாளரம்மா" என்றாள் ஓக்புன். "டிவில விட நேர்ல கொஞ்சம் சதை போட்டிருக்க. நல்லா இரு. நான் ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு எங்க மாமியா கரண்டியால தட்டினப்ப நானும் வாசல்லதான் நின்னேன். நீ நனைக்கலன்னுதான் சொன்ன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டிவில எதுக்கு நனைச்சேன்னு சொன்ன? எது நிஜம்? நீ நனைச்சியா, நனைக்கலையா? நனைக்கலன்னா வேற யாரு?"

நான் கேட்க நினைத்திராத கேள்வி இது. ஓக்புனை முதுகு தேய்க்கத்தான் உள்ளே விட்டேன்.

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை:

முதல் முடிவு. இன்சில் சிரித்துக்கொண்டே, "நான்தான் அத்தை. அம்மா மேல தப்பில்ல, நான்தான் கட்டுரையில கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன்" என்கிறாள். பெண்கள் "அதானே" என்கிறார்கள். நம்சுனுக்கு மூன்றாவது இருக்கை திரும்பக் கிடைக்கிறது, அப்பாவின் ஆட்கள் விருந்தில் பாட்டுப் பாடுகிறார்கள். எல்லோருக்கும் நல்ல முடிவு. ஆனால் முறத்தோடு தெருவில் நின்ற அந்தப் பிள்ளையை ஒரு எழுத்தாளர், உண்மை தெரிந்த பிறகும், இரண்டாம் முறை பொய்க்காரி ஆக்குகிறாள். எழுதி முடித்த கையோடு கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு. உண்மையைச் சொல்கிறாள். கூடமே சிரிப்பில் வழுக்கி விழுகிறது. நம்சுனுக்கு ஊர் அனுதாபம், கூடம், இருக்கை எல்லாம் கிடைக்கிறது. விருந்தன்று வயதான மாலுமிகள் கடற்பாசி சூப்பைக் குடித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாரோ ஒருவர், "நம்ம தலைவர் எப்பவுமே தண்ணிக்குப் பக்கத்துலதான் படுப்பாரு" என்கிறார். நம்சுன் மகளைத் திட்டவில்லை. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறாள். என்னால் அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மூன்றாவது முடிவு. "ஞாபகம் இல்ல அத்தை." இதை எழுதி மைகூடக் காயவில்லை,

[இன்சில்: அது உன் முடிவு. நீ வாழ்க்கை முழுக்கச் சொல்ற பதில். என் வாய்ல வைக்காத.]

என்று அவளே அடித்துவிட்டாள்.

8

ஆகையால் முடிவு என்னிடம் இல்லை. கதை அங்கேயே நிற்கிறது, ஆவியும் ஈரமுமாக.

இதை மறுபடி படித்துப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். படகுத்தலைவரின் பெயரை இந்தக் கதையில் நான் எங்குமே எழுதவில்லை. ஓக்புனுக்குப் பெயர் இருக்கிறது, கூடத்துக்கும் இருக்கிறது, அவருக்கு மட்டும் இல்லை. நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. அது நம்சுனின் வேலையாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். உங்களுக்கும் இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

கூடத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஓக்புன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். இன்சிலின் கை அம்மாவின் முதுகில் நின்றுவிட்டது. அவள் வாயைத் திறந்துவிட்டாள், "இல்ல" என்று ஆரம்பிக்கவும் இல்லை. நம்சுன் திரும்பவில்லை. கண்ணாடி முழுக்க ஆவி, அதில் அவள் முகம் தெரியவில்லை. கெஞ்சுவாள், தொடையில் கிள்ளுவாள் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், எதையும் செய்ய மறுக்கிறாள். கடைசியில் அவளாக ஒன்றைச் சொன்னாள், மகளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"உன் இஷ்டம்டி."

பிறந்ததிலிருந்து இன்சில் இந்த வார்த்தைக்காகத்தான் சண்டை போட்டாள். உடைக்கு, முடிக்கு, கல்யாணம் வேண்டாம் என்றதற்கு, எழுதியதற்கு, எழுதாததற்கு. ஒரு தடவைகூட அம்மா வாயிலிருந்து வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தேய்ப்புத் துணியோடு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே அவள் வாயில் வையுங்கள், ஒத்துக்கொள்கிறாளா பார்ப்போம். ஆனால் ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். எழுபது வயது அம்மா ஈர முதுகோடு உட்கார்ந்திருக்கிறாள், வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.